தண்டின் பெயரும் தண்டு பட்ட வெப்பமும்

கோவைப் பட்டறைகளில் உருவாகும் நீர்மூழ்கிப் பம்பு ஒன்றைப் பிரித்தால் அதன் நடுவே நீண்ட, மெல்லிய உருள்தண்டு ஒன்று இருக்கும். ஆழ்துளைக் கிணற்றுக்குள், நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,850 சுற்று என்னும் வேகத்தில் சுழல்வது அது. மோட்டாரின் திறனை இம்பெல்லர்களுக்குக் கொண்டு சேர்ப்பது அதன் கடமை. மணல் கலந்து வரும் நீரில் புஷ்களுக்குள் இடைவிடாமல் உராய்ந்தபடியே அந்தக் கடமையைச் செய்கிறது. மழைக்காலத்தில் பம்பு ஓய்ந்துவிட்டால் அசையாத நீருக்குள் பல வாரம் ஊறிக் கிடக்கவும் வேண்டும். இத்தனையும் தாங்கும் தண்டை எந்த எஃகில் செய்வது என்பது பார்வைக்குச் சிறிய வினா. ஆனால் பொருளறிவியலின் ஆழமான பகுதி ஒன்று அதற்குள் அடங்கியிருக்கிறது.

சாதாரணக் கரிம எஃகைக் கடினமாக்கினால் அது உராய்வைத் தாங்கும், நீரைத் தாங்காது. எவர்சில்வர்ப் பாத்திரங்களில் பயிலும் 304 வகை எஃகு நீரைத் தாங்கும். ஆனால் அதை வெப்பத்தால் கடினமாக்க இயலாது. எவ்வளவு சூடேற்றி எவ்வளவு விரைவாகக் குளிர்வித்தாலும் அது மென்மையாகவே நிற்கும். உலோகத்தோடு உலோகம் உராயும் இடத்தில் எளிதில் ஒட்டிக்கொண்டு பிய்ந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாம் குடும்பம் ஒன்று உண்டு. துருவை எதிர்க்கப் போதிய குரோமியமும் சூட்டால் கடினமாகப் போதிய கரிமமும் ஒருங்கே கொண்ட இக்குடும்பத்துத் தண்டுகள் சந்தையில் 410, 416, 420, 431, 440சி என்னும் எண்களால் வழங்குகின்றன.

இவற்றை வாங்குவோர் எண்ணைக் கேட்டு வாங்குகிறார்கள். எண்ணை நம்பி வரைபடம் எழுதுகிறார்கள். எண் சொல்வது உலோகத்தில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை மட்டுமே. கடினமாக்காமல் கடையிலிருந்து வந்து இறங்கும் தண்டில் கடினமும் இல்லை, முழுமையான துருவெதிர்ப்பும் இல்லை. இரண்டுக்குமான வாய்ப்பே இருக்கிறது. அந்த வாய்ப்பைப் பண்பாக மாற்றுவது உலை. ஒரே உருக்கில் வார்த்து, ஒரே சான்றிதழோடு வந்த இரண்டு தண்டுகளில் ஒன்று பல ஆண்டுகள் உழைக்கும்; மற்றொன்று சில மாதங்களில் செம்பழுப்புப் புள்ளிகளோடு மேலே வரும். வேறுபாடு அவை பட்ட வெப்பத்தில் இருக்கிறது.

முதலில், கடினம் எதற்காக என்று தெளிந்துகொள்வது நல்லது. 10 குதிரைத்திறன் பம்பு ஒன்றின் தண்டு 25 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். 2,850 சுற்றில் அது கடத்தும் முறுக்கு ஏறக்குறைய 25 நியூட்டன்-மீட்டர். அதனால் தண்டின் மேற்பரப்பில் எழும் வெட்டுத் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 8 நியூட்டன் அளவே. கடினமாக்காத 410 எஃகு கூட 275 நியூட்டன் வரை இழுத்தாலும் நிலையாக நீளாது. தொடங்கும் நொடியில் முறுக்கு இரண்டு மூன்று மடங்கானாலும் அந்த எல்லை வெகு தொலைவில் இருக்கிறது. ஆகவே முறியாமல் இருப்பதற்காக இத்தண்டைக் கடினமாக்க வேண்டியதில்லை. புஷ்ஷுக்குள் மணற்துகள் கோடு கிழிக்காமல் இருக்கவும், சாவி அமரும் பள்ளத்தின் விளிம்பு நசுங்காமல் இருக்கவுமே கடினம் தேவைப்படுகிறது.

தண்டு வளைந்து ஆடுகிறது, அதைக் கடினமாக்கினால் விறைப்பாகிவிடும் என்ற எண்ணமும் பட்டறைகளில் பரவலாக உண்டு. அது நடவாது. மீள்தன்மைக் கெழு என்னும் விறைப்பின் அளவு இவ்வகை எஃகில் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல். மென்மையாக இருந்தாலும் கடினமாக்கினாலும் பெரிதும் மாறாது. கடினமாக்கிய தண்டு நிலையாக வளைந்துபோவதற்கு முன் அதிகச் சுமையைத் தாங்கும். அந்தச் சுமைக்குள் இரண்டும் ஒரே அளவே வளையும். ஆட்டத்தைக் குறைக்க விட்டத்தைக் கூட்ட வேண்டும், அல்லது தாங்கிகளின் இடைவெளியைக் குறைக்க வேண்டும். வேறு வழி இல்லை.

இனி உலோகத்தின் உள்ளே செல்வோம். இரும்பின் அணுக்கள் அறைவெப்பத்தில் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் அதன் நடுவிலும் அமர்ந்திருக்கின்றன. தூய இரும்பை 912 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றினால் அணுக்கள் இடம் மாறி, மூலைகளிலும் ஆறு முகங்களின் மையங்களிலும் அமர்கின்றன. ஆஸ்டினைட் எனப்படும் இந்த இரண்டாம் அமைப்பில் கரிம அணுக்கள் நுழைந்து தங்க இடமுண்டு. முதல் அமைப்பில் அவ்விடம் மிகக் குறைவு. சூடான எஃகு மெல்லக் குளிரும்போது கரிமம் வெளியேறித் தனிக் கார்பைடு மணிகளாகத் திரள்கிறது, எஃகு மென்மையாகிறது. விரைவாகக் குளிர்ந்தால் கரிமம் வெளியேற நேரம் கிடைப்பதில்லை. அணுக்கள் பழைய அமைப்புக்குத் திரும்ப முயல, சிறைப்பட்ட கரிமம் கனசதுரத்தை ஒரு திசையில் இழுத்து நீட்டிவிடுகிறது. திரிபுண்ட இந்த அமைப்பில் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்க முடியாது. அவ்வாறு வழுக்க முடியாமையே கடினம். செருமானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக பிரெஞ்சு அறிஞர் புளோரிஸ் ஒஸ்மோன் 1895இல் இதற்கு மார்ட்டென்சைட் என்று பெயரிட்டார். இக்குடும்பம் முழுவதும் அப்பெயராலேயே அறியப்படுகிறது.

குரோமியம் இதில் இரண்டு வேலை செய்கிறது. கரிமம் வெளியேறித் திரளும் வினையை அது பெரிதும் தாமதப்படுத்துகிறது. அதனால் சாதாரணக் கரிம எஃகு நீரில் தோய்ச்சல் பெற்றாலும், அதாவது சூட்டோடு அமிழ்ந்து விரைவாகக் குளிர்ந்தாலும், நடுவில் கடினமாகாத அதே பருமனில், 410 தண்டு எண்ணெயில், பல வேளை வெறும் காற்றிலேயே, நடுவரை கடினமாகிவிடுகிறது. இதுவே அதன் பெருமை. பற்றவைப்பவருக்கு இதுவே இடர். பற்றுக்கு அருகே சூடான பகுதி தானாகக் குளிரும்போது தானாகவே கடினமாகி வெடிக்கிறது. 200 முதல் 300 பாகை வரை முன்சூடு ஏற்றிப் பற்றவைத்து, பின்னர் 650 முதல் 750 பாகையில் வைத்துத் தணிவிக்க வசதி இல்லாத இடத்தில் இத்தண்டுகளைப் பற்றவைக்காமல் இருப்பதே நலம்.

குரோமியத்தின் இரண்டாம் வேலை எல்லோரும் அறிந்தது. எஃகில் அது 10.5 விழுக்காட்டைத் தாண்டும்போது, மேற்பரப்பில் உயிர்வளியோடு கூடிச் சில நானோமீட்டர் தடிப்பில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு படலம் உருவாகிறது. கீறினாலும் காற்றோ நீரில் கரைந்த உயிர்வளியோ பட்டவுடன் மீண்டும் கூடிவிடும் படலம் அது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. குரோமியம் இரும்போடு கலந்து, கரைந்து, எங்கும் சமமாகப் பரவியிருக்க வேண்டும். கார்பைடு மணிக்குள் அடைபட்ட குரோமியம் படலத்துக்கு உதவாது.

இக்குடும்பத்தின் உள்முரண் இங்கேதான் இருக்கிறது. கடினம் தருகின்ற கரிமம், குரோமியத்தின் மேல் தீராத பற்றுக் கொண்டது. கணக்கிட்டுப் பார்ப்போம். இருபத்து மூன்று குரோமியம் அணுக்களுக்கு ஆறு கரிம அணுக்கள் என்னும் விகிதத்தில் கார்பைடு உருவாகிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு கரிமம் பதினாறு பங்குக்கு மேல் குரோமியத்தைக் கவர்ந்துகொள்கிறது. கார்பைடுக்குள் சிறிது இரும்பும் கலப்பதால் உண்மை அளவு இதைவிடச் சற்றுக் குறையும். இருந்தாலும் கணக்கின் போக்கு மாறாது. 12.5 விழுக்காடு குரோமியமும் 0.1 விழுக்காடு கரிமமும் கொண்ட 410 தண்டில், கரிமம் முழுவதும் கார்பைடாகத் திரண்டாலும் 10.8 விழுக்காட்டுக்குக் குறையாமல் குரோமியம் மிஞ்சும். 13 விழுக்காடு குரோமியமும் 0.3 விழுக்காடு கரிமமும் கொண்ட 420 தண்டிலோ எட்டு விழுக்காடு அளவே மிஞ்சும். அது துருவைத் தடுக்கப் போதாது. ஆகவே கடையிலிருந்து இளக்கிய நிலையில், அதாவது பட்டறைகள் அனீல் செய்தது என்று சொல்லும் நிலையில் வரும் 420 தண்டு ஈரத்தில் துருப்பிடிக்கும். அதையே உலையில் சூடேற்றிக் கார்பைடுகளைக் கரைத்து, கரைந்தது கரைந்தபடி தோய்ச்சல் கொடுத்தால், கடினம் ஏறும் அதே நொடியில் துருவெதிர்ப்பும் ஏறுகிறது. ஒரே வெப்பம் இரண்டு பண்புகளையும் பிறப்பிக்கிறது. கெட்டால் இரண்டும் ஒருங்கே கெடும்.

இவ்வுண்மை தெளிவாக வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம். எஃகு உருக்குபவரின் மகனாகப் பிறந்த ஹாரி பிரியர்லி, பிரவுன் ஃபர்த் ஆய்வகத்தில் துப்பாக்கிக் குழல்களின் தேய்மானத்தைத் தடுக்கும் வழி தேடிக்கொண்டிருந்தார். 1913 ஆகஸ்டில் 12.8 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கரிமமும் கொண்ட வார்ப்பு ஒன்றைச் செய்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அதன் மேற்பரப்பை அமிலத்தால் அரிக்க முயன்றபோது அரிப்பு எளிதில் ஏறவில்லை. அதே எஃகின் மாதிரிகளே, பட்ட வெப்பத்துக்கு ஏற்ப, கூடவும் குறையவும் அரிபடுவதையும் அவர் கண்டார். அவ்வாண்டே எழுதிய அறிக்கையில் இவ்வெஃகு நீர்மானிகளின் தண்டுகளுக்கும் பம்பின் பிஸ்டன்களுக்கும் ஏற்றது என்று குறித்தார். கத்திகளை அதற்குப் பின்னரே சேர்த்தார். நூறாண்டுக்கு மேலாகியும் பம்பின் தண்டுகள் அதே கலவைக்கு நெருங்கிய எஃகிலேயே கடையப்படுகின்றன என்பது அவருடைய கணிப்பின் கூர்மைக்குச் சான்று.

கத்தி செய்வோர் அவருடைய எஃகை எளிதில் ஏற்கவில்லை. அவர்கள் தலைமுறைகளாகப் பழகியது கரிம எஃகு. அதற்குரிய சூடு குறைவு. புதிய எஃகை அதே பழக்கத்தில் அடித்தும் தோய்த்தும் பார்த்தவர்களுக்கு அடிப்பதும் அரிது, தீட்டுவதும் அரிது, கூர் நிற்பதும் அரிது என்றாயிற்று. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்ற பெயரும் பிரியர்லிக்கு வாய்த்தது. மோஸ்லி கத்திப் பட்டறையின் மேலாளர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் விடாமல் முயன்றார். பிரியர்லியும் உடனிருந்து வெப்பத்தைச் சரிசெய்து கொடுத்த பிறகே நல்ல கத்திகள் பிறந்தன. எஃகின் கலவை தொடக்கம் முதல் மாறவே இல்லை. மாறியது உலையின் சூடு மட்டுமே.

இனித் தேர்வு. 410 இக்குடும்பத்தின் நடுநிலை உறுப்பினர். கரிமம் 0.08 முதல் 0.15 வரை, குரோமியம் 11.5 முதல் 13.5 வரை. தோய்ச்சலுக்குப் பின் ராக்வெல் சி அளவில் 40ஐ ஒட்டிய கடினம் பெறும். நன்னீர்க் கிணற்றுப் பம்புத் தண்டுக்கும் வால்வுத் தண்டுக்கும் இதுவே பெரும்பாலும் போதும். விலையும் அடக்கம்.

420இல் ஒரு மறைபொருள் உண்டு. வாங்குவோர் அதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்கத் தரநூலில் 420க்குக் கரிமம் 0.15க்குக் குறையக் கூடாது என்று மட்டுமே உள்ளது. மேல் எல்லை இல்லை. ஆகவே 0.17 கரிமம் கொண்டதும் 420, 0.40 கொண்டதும் 420. முன்னது தோய்ச்சலில் 45ஐ ஒட்டி நிற்கும். பின்னது 55ஐ எட்டும். முன்னதில் சுழல்தண்டு செய்யலாம். பின்னதில் அறுவைக் கத்தரியும் கத்தியும் செய்யலாம். இரண்டையும் ஒரே பெயரில் வாங்கி ஒரே உலையில் இட்டால் விளைவு என்னவாகும் என்று சொல்லவும் வேண்டுமா? ஐரோப்பியத் தரநூல் இவற்றை 1.4021, 1.4028, 1.4031, 1.4034 என்று கரிமத்துக்கேற்பப் பிரித்து எண்ணிட்டிருக்கிறது. அவ்வெண்ணைக் கேட்டு வாங்குவது நன்று. இல்லையெனில் உருக்காலைச் சான்றிதழில் குரோமியத்துக்கு முன்பாகக் கரிமத்தைப் படிக்க வேண்டும்.

416 என்பது கந்தகம் சேர்த்த 410. மாங்கனீசு சல்ஃபைடு இழைகள் உலோகத்தின் நீளவாக்கில் ஓடுவதால் கடைசலில் சீவல் துண்டு துண்டாக உதிரும். முனை நெடுநேரம் உழைக்கும். தானியங்கிக் கடைசல் பொறிகளில் ஆயிரக்கணக்கில் திருகும் ஊசியும் செய்வோருக்கு அது வரம். ஆனால் ஒவ்வொரு சல்ஃபைடு இழையும் மேற்பரப்பில் முடியும் இடம், துரு தொடங்குவதற்கு ஒரு வாசல். குறுக்குவாக்கில் அதன் வலிமையும் குறைவு. நிற்கும் நீரில் ஊறும் தண்டுக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கடைசலில் மிச்சமாகும் கூலியைப் போல் பல மடங்கு, பம்பை மேலே இழுத்து மீண்டும் இறக்கும் செலவில் போய்விடும்.

431இல் குரோமியம் 15 முதல் 17 வரை, நிக்கலும் 1.25 முதல் 2.5 வரை. குரோமியம் மிகுந்தால் ஆஸ்டினைட் உருவாவது தடைப்படும். நிக்கல் அத்தடையை நீக்கிக் கடினமாகும் தன்மையைக் காக்கிறது. மேலே எண்ணிய ஐந்து வகைகளுள் துருவெதிர்ப்பும் தாக்குறுதியும் ஒருங்கே மிகுந்தது இதுவே. படகுத் தண்டுகளுக்கும் உப்பு சற்று ஏறிய நீருக்கும் கூடுதல் விலை கொடுத்து இதை வாங்கலாம். 440சி வேறு எல்லையில் நிற்பது. ஒரு விழுக்காடு அளவு கரிமமும் 17 விழுக்காடு அளவு குரோமியமும் கொண்டு 58 முதல் 60 வரை கடினம் பெறும். குண்டுத் தாங்கிகளுக்கும் வால்வு இருக்கைகளுக்கும் உரியது; நீண்ட தண்டுக்கு ஏற்றதன்று.

வாங்கும் இடத்தில் காந்தம் வைத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. காந்தம் வலுவாக ஒட்டினால் 304 இல்லை என்று அறியலாம். அதற்கு மேல் அது எதையும் சொல்லாது. கடினமாகாத 430 வகையும் காந்தத்தில் ஒட்டும். ஐயம் தீர எளிய சோதனை ஒன்று இருக்கிறது. தண்டின் முனையிலிருந்து பத்து மில்லிமீட்டர் தடிப்பில் இரண்டு வில்லைகள் அறுத்தெடுக்க வேண்டும். ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றொன்றை 1,000 பாகையில் அரை மணி நேரம் வைத்து, ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும்போதே எடுத்து எண்ணெயில் இட வேண்டும். குளிர்ந்ததும் கரும்பொருக்கைத் தேய்த்து நீக்கி, இரண்டின் விளிம்பிலும் ஒரே அரத்தை ஒரே அழுத்தத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும். மென்னிலை வில்லையில் அரம் கடித்துக்கொண்டு, மந்தமான ஓசையோடு பளபளக்கும் பொடியைத் தள்ளும். கரிமம் மிகுந்த 420இன் தோய்ச்சல் வில்லையில் அரம் கண்ணாடி மேல் ஓடுவது போல் கீச்சென்று வழுக்கும். பொடி எதுவும் விழாது. 410இல் அரம் வழுக்காது. ஆனால் இரண்டு வில்லைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கை தெளிவாக உணரும். வேறுபாடு சிறிதாகவே இருந்தால் அது 430ஆக இருக்கக் கூடும். கடினமானி கொண்டு அளந்து பார்க்காமல் அத்தண்டைப் பணிக்கு எடுக்கக் கூடாது.

எடையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மில்லிமீட்டரில் அளந்த விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும் என்பது கம்பி விற்போர் யாவரும் அறிந்த வாய்பாடு. அது மென்னெஃகின் அடர்த்திக்கு உரியது. 410இன் அடர்த்தி சற்றுக் குறைவு. 164 அல்லது 165ஆல் வகுப்பதே சரி. 304க்கு அடர்த்தி கூடுதல். 159 அளவில் வகுக்க வேண்டும். டன் கணக்கில் வாங்குவோர்க்கு இது பொருட்படுத்தத் தக்க வேறுபாடு.

தண்டின் மேற்பரப்பையும் பார்க்க வேண்டும். சூட்டில் உருட்டிய கருந்தண்டின் தோலில் பொருக்கும் கரிமம் இழந்த படலமும் நுண்வெடிப்பும் இருக்கலாம். அதைக் கடைந்து நீக்குவதற்கு இடம் விட்டே விட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தோல் சீவி இழைத்த பிரைட் பார் விலை கூடுதல். ஆனால் அளவு துல்லியம். 25 மில்லிமீட்டர் தண்டு எச்9 என்னும் பிழைவரம்பில் வந்தால் விட்டம் 0.052 மில்லிமீட்டருக்கு மேல் குறையாது. எச்11 என்றால் 0.13 வரை குறையலாம். பேரிங் அமரும் இடத்தில் இரண்டாம் வகையை அப்படியே பயன்படுத்த முடியாது.

கடைசலுக்கு வருவோம். இளக்கிய நிலையில் 410 வெட்டுவதற்கு எளிது என்று தோன்றும். உண்மையில் அந்நிலையில் அது பசைத்தன்மை கொண்டது. சீவல் உதிராமல் நீண்ட நாடாவாகச் சுருண்டு முனையைச் சுற்றும். முனையின் மேல் உலோகத் துணுக்கு ஒட்டி வளர்ந்து, வளர்ந்தது பிய்ந்து தண்டின் மேல் வடுக்களை விடும். அதே தண்டை ராக்வெல் 25 முதல் 30 வரை கடினமாக்கி வாங்கினால் சீவல் குறுகி உடையும், மேற்பரப்பு துலங்கும். கார்பைடு முனையில் நிமிடத்துக்கு 100 மீட்டர் வெட்டு வேகம் வைத்துக்கொண்டால் 25 மில்லிமீட்டர் தண்டு ஏறத்தாழ 1,270 சுற்றில் ஓடும். முனை வெட்டாமல் தேய்த்துக்கொண்டு நிற்க ஒரு நொடியும் விடக் கூடாது. துளையிடும்போது இது இன்னும் முதன்மையானது. துளையூசி ஒரே இடத்தில் நின்று சுழன்றால் அடியில் சூடேறி, அடுத்து வெட்ட வேண்டிய பரப்பு கடினப்பட்டுவிடும். சாவிப் பள்ளத்தின் மூலைகளைக் கூராக விடாமல் சிறிது வளைத்து விட வேண்டும். கூர்மூலை தோய்ச்சலில் வெடிப்பதற்கும், பின்னர் சுழலும்போது களைப்பு முறிவு தொடங்குவதற்கும் இடம் தருகிறது.

நீண்ட பம்புத் தண்டுக்கு என் தேர்வு, முன்னரே கடினமாக்கிப் பதமூட்டி, அதாவது தோய்ச்சலுக்குப் பின் குறைந்த சூட்டில் மீண்டும் வைத்து, நிமிர்த்தி, சாணை பிடித்து வரும் தண்டுதான். நீண்ட மெல்லிய தண்டைக் கடைந்து முடித்த பின் உலைக்கு அனுப்பினால் அது வளைந்து திரும்பி வரும். அழுத்திக் கொடுத்து நிமிர்த்தலாம். ஆனால் அழுத்தம் உள்ளே தங்கி, ஓட்டத்தின் சூட்டில் மீண்டும் வளைவாக வெளிப்படும். உராய்வு மிகும் இடத்தில் மட்டும் கூடுதல் கடினம் வேண்டுமாயின், தூண்டல் மின்சூட்டால் அந்தச் சில அங்குலத்தை மட்டும் கடினமாக்கலாம்; அல்லது தேய்ந்தால் மாற்றத்தக்க ஸ்லீவ் ஒன்றை ஏற்றலாம்.

உலை ஏற்ற வேண்டியே வந்தால், அவசரம் ஆகாது. 410 போன்ற எஃகின் வெப்பங்கடத்தும் திறன் மென்னெஃகில் பாதி அளவே. மேல்தோல் சிவந்த பின்னும் நடு இருண்டிருக்கும். ஆகவே முதலில் 650 முதல் 800 பாகை வரை ஏற்றி நிறுத்தி, வெப்பம் நடுவரை சேர்ந்த பிறகே மேலே செல்ல வேண்டும். 410க்கு 925 முதல் 1,010 வரை, 420க்கு 980 முதல் 1,065 வரை, 440சிக்கு 1,010 முதல் 1,065 வரை என்பவை வழக்கமான எல்லைகள். அங்கே கார்பைடுகள் கரைய நேரம் தர வேண்டும். வெல்லக்கட்டி வெந்நீரில் போட்டவுடன் மறைந்துவிடுவதில்லை அல்லவா? சூடு குறைந்தால் கார்பைடு கரையாமல் நின்று, கடினமும் குறையும், துருவெதிர்ப்பும் குறையும். சூடு மிகுந்தால் எஃகின் படிக மணிகள் பருத்து அது நொறுங்கும் இயல்பு பெறும். மேலும் மிகுதியான கரிமம் கரைந்துவிட்ட ஆஸ்டினைட், குளிர்ந்த பின்னும் மார்ட்டென்சைட்டாக மாறாமல் ஒரு பகுதி அப்படியே தங்கிவிடும். 440சியில் இது பெரிய இடர். −75 பாகை வரை குளிர்வித்து அதை மாற்றுகிறார்கள். மெல்லிய தண்டுகளைத் தொங்கவிட்டுச் சூடேற்றினால் தம் எடையால் வளைவது குறையும். குளிர்விக்கக் காற்றோ எண்ணெயோ போதும். நீர் கூடவே கூடாது.

தோய்ச்சல் முடிந்த தண்டு உள்ளழுத்தத்தால் விறைத்து நிற்கிறது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தவுடன் தாமதமின்றிப் பதமூட்டும் உலைக்குச் செல்ல வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த தண்டுகள் இரவிலேயே வெடித்துவிடக் கூடும். கடினம் வேண்டுவோர் 150 முதல் 370 பாகைக்குள் பதமூட்டுகிறார்கள். தாக்குறுதி வேண்டுவோர் 590க்கு மேல் செல்கிறார்கள். இடையே 400 முதல் 580 வரை உள்ள பகுதியைத் தொடக் கூடாது. அங்கே நுண்ணிய கார்பைடுகள் மீண்டும் பிறந்து, தம்மைச் சுற்றியுள்ள குரோமியத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. துருவெதிர்ப்பும் தாக்குறுதியும் ஒருங்கே வீழ்கின்றன. ராக்வெல் 35 வேண்டும் என்று மட்டும் எழுதி உலைக்காரரிடம் தண்டைக் கொடுத்தால், அக்கடினத்தை எட்ட அவர் இயல்பாகவே இப்பகுதியை நாடக்கூடும். கடின அளவு சரியாக வரும். தண்டு கெட்டுப் போயிருக்கும். ஆகவே வரைபடத்தில் கடினத்தோடு பதமூட்டும் வெப்பநிலையையும் எழுதுவது கட்டாயம். எத்தனையோ தண்டுகள் இவ்வொரு வரி இல்லாமையால் வீணாகின்றன.

காற்றுள்ள உலையில் சூடேறிய தண்டின் தோலில் பொருக்குப் படியும். அதன் கீழே குரோமியம் குறைந்த ஒரு படலம் இருக்கும். இரண்டும் சாணையில் நீங்கும்படி விட்டத்தில் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை மிச்சம் விட வேண்டும். வெற்றிட உலை என்றால் இதில் பெரும்பகுதி தேவைப்படாது. சாணையிலும் சூடு மிகுந்தால் வைக்கோல் நிறமோ நீலமோ தோன்றும். அந்நிறத்தோடு தண்டை அனுப்பக் கூடாது. மென்னெஃகைத் தேய்த்த கம்பித்தூரிகை, அதே மேசையில் சிதறிய இரும்புப் பொடி, தூக்கும் சங்கிலி ஆகியவை விட்டுச் செல்லும் இரும்புத் துகள்கள் முதலில் துருப்பிடித்து, அடியிலுள்ள படலத்தையும் துளைக்கின்றன. நைட்ரிக் அமிலக் குளியல் அத்துகள்களைக் கரைத்துப் படலத்தை வலுப்படுத்தும். கந்தகமும் கரிமமும் மிகுந்த வகைகள் வெறும் அமிலத்தில் கருத்துப்போகும் என்பதால் அதில் சோடியம் டைக்குரோமேட் சேர்ப்பதுண்டு. அது புற்றுநோய் விளைவிக்கும் நஞ்சு. கையுறையும் காற்றோட்டமும் கழிவைத் தூய்மைப்படுத்தும் ஏற்பாடும் இல்லாத பட்டறையில் அக்குளியலை நடத்துவது தொழிலாளிக்கு இழைக்கும் தீங்கு.

வளைவை அறவே பொறுக்க முடியாத பணிகளுக்கு 17-4 பிஎச் என்னும் வேறொரு தண்டு உண்டு. 1940களில் அமெரிக்காவின் ஆர்ம்கோ நிறுவனம் உருவாக்கியது அது. இதில் கடினம் கரிமத்தால் வருவதன்று. மூன்று முதல் ஐந்து விழுக்காடு வரையுள்ள செம்பு, மிக நுண்ணிய துகள்களாகத் திரண்டு கடினம் தருகிறது. உருக்காலையே கரைத்துக் குளிர்வித்து அனுப்பிய தண்டை அப்படியே கடைந்து, 482 பாகையில் ஒரு மணி நேரம் வைத்தால் ராக்வெல் 40ஐத் தாண்டும். தோய்ச்சல் இல்லை, ஆகவே வளைவும் மிகக் குறைவு. 100 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 0.05 அளவு சுருங்கும். அதை முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக் கடையலாம். துருவெதிர்ப்பு 304ஐ நெருங்கும். விலை ஒன்றே தடை. கடைந்த பின் உலையில் வைக்காமலே பணிக்கு அனுப்புவது மட்டும் தவறு. அந்நிலையில் அது, தகைவும் அரிப்பும் சேர்ந்து விளைக்கும் தகைவரிப்பு வெடிப்புக்கு எளிதில் இரையாகும்.

இவை எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. கடலோரத்தில் உப்பு ஏறிய கிணறுகளிலும் கடல்நீர்ப் பம்புகளிலும் குளோரைடு அயனிகள் படலத்தை ஊசிமுனை அளவில் துளைத்து உள்ளே குழி பறிக்கின்றன. அங்கே 410உம் 420உம் நிற்பதில்லை. 431உம் பம்பு ஓயும் வாரங்களில் தோற்கும். 22 விழுக்காடு குரோமியம், 5 விழுக்காடு நிக்கல், 3 விழுக்காடு மாலிப்டினம் கொண்ட டூப்ளெக்ஸ் 2205 அவ்விடத்துக்கு ஏற்ற தண்டு. அதை வெப்பத்தால் கடினமாக்க முடியாது. ஆகவே கடினத்தைத் தண்டில் தேடாமல், புஷ் அமரும் இடத்தில் மட்டும் டங்ஸ்டன் கார்பைடு பூசிய ஸ்லீவை ஏற்றி, தேய்ந்தால் அதை மட்டும் மாற்றுகிறார்கள்.